எந்த ஏட்டில் நம் பெயர்?

பொதுக்காலம் 18ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
சபை உரையாளர் 1:2. 2:21-23 – கொலோசையர் 3:1-5, 9-11 – லூக்கா 12:13-21



இன்று ஆண்டவர் சொல்லும் உவமையில் ஒரு செல்வர் வருகிறார். அவருடைய நிலம் நன்றாக விளைந்துவிட்டது. இருக்கும் களஞ்சியம் போதவில்லை. அதை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று கணக்குப் போடுகிறார். என் விளைச்சல், என் களஞ்சியம், என் தானியம், என் உடைமை என்று அவர் பேச்சு முழுவதும் 'என்' நிறைந்திருக்கிறது. அந்த நிலத்தில் உழுதவர்கள் உண்டு, விதைத்தவர்கள் உண்டு, அறுத்துக் கட்டிச் சுமந்தவர்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கும் அவர் பேச்சில் இடமில்லை. மனைவி மக்களுக்கு இடமில்லை, அண்டை வீட்டாருக்கு இடமில்லை, மழை தந்த கடவுளுக்கும் இடமில்லை. தமக்குத் தாமே பேசி, தமக்குத் தாமே பதில் சொல்லிக்கொள்கிறார்.

இந்தச் செல்வரின் பெயர் என்ன? ஆண்டவர் சொல்லவில்லை. கடவுள் அவரை அழைத்த சொல் ஒன்று மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது: அறிவிலி.

இதே லூக்கா நற்செய்தியில் 16ஆம் அதிகாரத்துக்குச் செல்லுங்கள். அங்கே இன்னொரு செல்வர் நாள்தோறும் விருந்துண்கிறார். அவருக்கும் பெயர் சொல்லப்படவில்லை. அவருடைய வாயிலில் புண்களோடு கிடந்த ஏழைக்கோ பெயர் உண்டு: லாசர். ஆண்டவருடைய உவமைகளில் எத்தனையோ மேய்ப்பர்கள், அரசர்கள், வேலையாள்கள், மகன்கள் வருகிறார்கள். அத்தனை பேருக்கும் இல்லாத பெயர், வாசலில் கிடந்த அந்த ஏழைக்குக் கிடைத்திருக்கிறது.

ரூத்து நூலிலும் இதையே காண்கிறோம். இறந்துபோன உறவினரின் நிலத்தை மீட்டு, அவருடைய பெயர் அழியாதபடி ரூத்தை மணக்க வேண்டிய முதல் உரிமை நெருங்கிய உறவினர் ஒருவருக்கு இருந்தது. தன் சொத்துக்குக் கேடு வந்துவிடும் என்று அவர் விலகிக்கொண்டார். போவாசு முன்வந்தார். போவாசின் பெயர் தாவீதின் தலைமுறை அட்டவணையிலும், நம் ஆண்டவரின் தலைமுறை அட்டவணையிலும் இருக்கிறது. சொத்தைக் காத்துக்கொண்ட அந்த உறவினரின் பெயர் விவிலியத்தில் எங்கும் இல்லை.

களஞ்சியத்துக்கும் பெயருக்கும் இடையே ஆண்டவர் காணும் இந்தத் தொடர்பைப் பற்றி இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அதற்குத் துணையாக, திரு அவையே பெரிய பெரிய களஞ்சியங்கள் கட்டிய ஒரு நாட்டுக்கும் காலத்துக்கும் உங்களை அழைத்துச் செல்கிறேன். அது இடைக்கால இங்கிலாந்து. அந்த மக்கள் தங்கள் குடும்பப் பெயர்களைப் பெற்றதும் ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில்தான்.

அந்த நாட்டின் கிராமப்புறங்களில் இன்றும் நிற்கும் சில கட்டடங்களைத் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் கோயில் என்றே எண்ணுவார்கள். கிரேட் காக்ஸ்வெல் என்ற ஊரில் ஒன்று உண்டு. பியூலி மடத்தின் சிஸ்டர்சியன் துறவிகளுக்காக ஏறக்குறைய 1292இல் எழுந்தது. 46 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம். இரண்டு வரிசை ஓக் மரத் தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. நடுவே அகன்ற வழி, இருபுறமும் ஒடுங்கிய வழி. ஆலயத்தின் அமைப்பேதான். கலைஞர் வில்லியம் மாரிஸ் அதைப் பேராலயத்துக்கு நிகராகப் போற்றினார். பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் என்ற ஊரில் இன்னொன்று உண்டு. ஷாஃப்ட்ஸ்பரி மடத்து அருள்சகோதரிகளுக்காக 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. நீளம் 51 மீட்டர். கூரையில் வேய்ந்த கல் ஓடுகளின் எடை மட்டும் ஏறக்குறைய 100 டன். இரண்டும் களஞ்சியங்கள்.

எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள். கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி ஒரு கதவு வழியாக நுழைந்து, சுமையை இறக்கிவிட்டு, மறு கதவு வழியாக வெளியேறும். இரு கதவுகளுக்கும் நடுவே உள்ள தளம்தான் களம். குளிர்காலம் முழுவதும் ஆட்கள் அங்கே நின்று கோல்களால் கதிரடிப்பார்கள். இரண்டு கதவுகளையும் திறந்து வைத்தால் குறுக்கே ஓடும் காற்றில் பதர் பறந்துபோகும், மணி தரையில் நிற்கும்.

இப்பெருங்களஞ்சியங்களில் பல, மடங்களின் சொந்த நில விளைச்சலுக்காகக் கட்டப்பட்டவை. ஊர் மக்கள் தந்த பத்திலொரு பங்கைச் சேர்த்துவைக்கவென்றே எழுந்த களஞ்சியங்களும் நாடெங்கும் இருந்தன. அறுவடை வயலில் ஒன்பது கட்டுகள் உழவருக்கு. பத்தாவது கட்டு கோயிலுக்கு. தானியம், உலர்புல், விறகு ஆகியவற்றின் பங்கு பெரிய காணிக்கை. ஆட்டுக்குட்டி, கம்பளி மயிர், பால், முட்டை, தேன் ஆகியவற்றின் பங்கு சிறிய காணிக்கை. இப்படிப் பிரித்து வைத்திருந்தார்கள்.

இந்த வழக்கத்தின் வேர் எங்கே இருக்கிறது? ஆபிராம் போரில் வென்று திரும்பியபோது, தம்மை ஆசீர்வதித்த மெல்கிசெதேக்குக்கு எல்லாவற்றிலும் பத்திலொரு பங்கு கொடுத்தார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மோசேயின் சட்டம் பிறகு வந்தது. இணைச்சட்ட நூல் 14ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பத்திலொரு பங்கை அவரவர் ஊரிலேயே சேர்த்துவைக்க வேண்டும். நிலமில்லாத லேவியரும், அந்நியரும், அநாதைகளும், கைம்பெண்களும் வந்து வயிறார உண்ண வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. களஞ்சியத்தின் கதவு யாருக்காகத் திறக்க வேண்டும் என்பதைக் கடவுள் இப்படித் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

இங்கிலாந்துத் திரு அவையும் தொடக்கத்தில் இதை அறிந்தே இருந்தது. 779இல் சார்லமாஞ் மன்னர் தம் பிராங்கிய நாட்டில் பத்திலொரு பங்கைச் சட்டமாக்கினார். இங்கிலாந்தில் 10ஆம் நூற்றாண்டில் எட்கர் மன்னர் அதைச் செலுத்தாதவர்களுக்குத் தண்டனை விதித்தார். 1014இல் எதல்ரெட் மன்னரின் காலத்துச் சட்டம் அந்தப் பங்கை மூன்றாகப் பிரித்தது. ஒன்று கோயிலைப் பழுதுபார்க்க, ஒன்று இறைப்பணியாளர்களுக்கு, ஒன்று கடவுளின் ஏழைகளுக்கும் வறிய அடிமைகளுக்கும். களஞ்சியத்தில் குவியும் தானியத்தில் மூன்றிலொரு பங்கு பசித்தவருடையது என்று சட்டமே சொன்னது.

பிறகு என்ன நடந்தது? மடங்கள் ஒவ்வொன்றாக ஊர்ப் பங்குகளின் வருவாயைத் தம்மோடு இணைத்துக்கொண்டன. பெரிய காணிக்கை மடத்துக்குப் போயிற்று. ஊரில் திருப்பலி நிறைவேற்ற, சிறு வருமானத்தில் ஒரு பதில் குரு அமர்த்தப்பட்டார். தானியம் ஊர் எல்லையைத் தாண்டியது. ஊரின் ஏழை ஊரிலேயே இருந்தான். நிலைமை எவ்வளவு முற்றிவிட்டது என்பதற்கு 1391இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே சான்று. இனி ஒரு பங்கை மடத்தோடு இணைப்பதாக இருந்தால், அந்தப் பங்கின் ஏழைகளுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்க வேண்டும், பதில் குருவுக்கும் போதிய வருமானம் தர வேண்டும் என்று அது கட்டளையிட்டது. சகோதர சகோதரிகளே, ஏழையின் பங்கைத் திரு அவைக்கு நாடாளுமன்றம் நினைவூட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது. அந்த வரலாற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

இனி பெயர்களுக்கு வருவோம்.

அந்த நாட்களில் ஓர் ஆங்கிலேய உழவரின் குழந்தைக்குப் பெயர் திருமுழுக்குத் தொட்டியருகே கிடைத்தது. பெரும்பாலும் ஞானப்பெற்றோர்தான் பெயரிட்டார்கள். தங்கள் பெயரையே குழந்தைக்குக் கொடுப்பதும் பரவலான வழக்கம். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் ஆகிய பெயர்கள் பெருகின. புனிதர்களின் பெயர்களான ஜானும் தாமஸும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. காலப்போக்கில் ஆண்களில் பெரும்பகுதியினர் இந்த ஐந்து பெயர்களுக்குள் அடங்கிவிட்டார்கள்.

அன்றாட வாழ்வுக்கு அது போதும். கூப்பிட்டால் வருகிறவர் யார் என்று ஊருக்குத் தெரியும். கணக்கெழுதுகிறவருக்குத்தான் போதவில்லை. பத்தாவது கட்டைக் கொடுத்தது எந்த ஜான்? குத்தகை பாக்கி வைத்தது எந்த வில்லியம்? பண்ணைக் கணக்கிலும், நீதிமன்றச் சுருளிலும், 1377இலும் 1379இலும் வாங்கிய தலைவரிப் பட்டியலிலும் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஊரார் சொல்லும் அடையாளங்கள் எழுத்தில் ஏறின. மாவரைத்தவர் மில்லர் ஆனார், கொல்லர் ஸ்மித் ஆனார். மலையடியில் குடியிருந்தவர் ஹில். ஜானின் மகன் ஜான்சன், வில்லியமின் மகன் வில்சன். தாயின் பெயரால் அழைக்கப்பட்டவர்களும் உண்டு: மேரியின் வழியில் மரியட், எம்மாவின் வழியில் எம்மட். களஞ்சியமும் தன் பங்குக்குப் பெயர்களைத் தந்தது. களஞ்சியத்தருகே வாழ்ந்தவர் அல்லது அங்கே வேலை செய்தவர் பார்ன்ஸ். மடத்துப் பண்ணையைக் கவனித்தவர் கிரேஞ்சர். கதிரடித்தவர் திரெஷர். முதலில் ஒரு தலைமுறையோடு மறைந்த இந்த அடையாளங்கள் மெல்ல மெல்ல மகனுக்கும் பேரனுக்கும் தொடர்ந்தன. ஏறத்தாழ 1400க்குள் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நிலையான குடும்பப் பெயர் வந்துவிட்டது.

இதில் நம் மனத்தில் பதிய வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்த எளிய மனிதருக்கு இரண்டு பெயர்கள், இரண்டு இடங்களிலிருந்து கிடைத்தன. முதல் பெயரைத் தண்ணீரின் அருகே அன்போடு கொடுத்தார்கள். இரண்டாவது பெயரை, அவர் என்ன வேலை செய்கிறார், யாருடைய மகன், எவ்வளவு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று அடையாளம் காண எழுதினார்கள். முதல் பெயர் கொடையில் வந்தது. இரண்டாவது பெயரைப் பெரும்பாலும் கணக்கில்தான் பார்க்கிறோம். அக்காலத்து ஏழை உழவர்கள் பலரைப் பற்றி இன்று நமக்குத் தெரிவதெல்லாம் ஏதோ ஒரு கடன் பட்டியலில் உள்ள ஒற்றை வரி மட்டுமே. பண்ணையடிமைகளின் நிலை இன்னும் கொடியது. நிலம் கைமாறியபோது அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் அதோடு கைமாறினார்கள். அந்தப் பத்திரங்களில் அவர்கள் பெயர்கள் நிலத்தோடும் உடைமைகளோடும் சேர்த்து எழுதப்பட்டிருக்கின்றன.

1381இல் அந்த மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பல ஊர்களில் அவர்கள் தேடிப்போனது பண்ணை ஏடுகளைத்தான். தங்கள் பெயரும் தங்கள் கடனும் எழுதப்பட்ட சுருள்களைத் தெருவில் குவித்துக் கொளுத்தினார்கள்.

புனித ஆல்பன்ஸ் என்ற ஊரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு பெரிய மடம் இருந்தது. ஊரார் மடத்தின் ஆலையில்தான் கூலி கொடுத்து மாவரைக்க வேண்டும். வீட்டில் அரைக்கக் கூடாது. இரண்டு தலைமுறைகளுக்கு முன் ஒரு மடத்தலைவர் வீடுகளிலிருந்த திருகைக் கற்களைப் பறித்து, மடத்தின் வரவேற்பறைக்குத் தளமாகப் பதித்திருந்தார். மக்கள் அதை மறக்கவில்லை. 1381இல் அந்தத் தளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். கற்களைத் துண்டு துண்டாக உடைத்து ஆளுக்கொன்று பகிர்ந்துகொண்டார்கள். அந்த மடத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் தாமஸ் வால்சிங்கம் இதைப் பதிவு செய்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்கு ஆலயத்தில் மந்திரித்த அப்பத்தைப் பிட்டுக் கொடுப்பதுபோல் அவர்கள் கொடுத்தார்கள் என்கிறார். கிளர்ச்சியை வெறுத்த ஒரு துறவியின் எழுத்து அது. அவருக்கே அப்பம் பிடும் காட்சி நினைவுக்கு வந்திருக்கிறது. மடம் தங்களிடமிருந்து எடுத்ததை அம்மக்கள் கோயிலில் கற்ற முறையிலேயே பகிர்ந்தார்கள். பிட்டுக் கொடுக்க அவர்களுக்குத் திரு அவைதான் கற்றுக்கொடுத்திருந்தது. கொடுக்க வேண்டிய இடத்தில் அதே திரு அவை கையை மூடிக்கொண்டிருந்தது.

அன்பார்ந்தவர்களே, அந்த மக்கள் தீயிட்டு அழிக்க நினைத்ததை ஆண்டவர் வேறு வகையில் அழித்திருக்கிறார். சென்ற ஞாயிறு நாம் கேட்ட கொலோசையர் திருமுகப் பகுதியை நினைத்துப் பாருங்கள். நமக்கு எதிராக இருந்த கடன் பத்திரத்தைக் கடவுள் எடுத்துச் சிலுவையில் ஆணியடித்து ஒழித்துவிட்டார் என்று பவுல் அதில் சொன்னார். திருமுழுக்கில் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு அவரோடு உயிர்பெற்றவர்கள் நாம் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். கடன் ஏடு கிழிந்த அதே இடத்தில்தான் நமக்குப் புதிய வாழ்வும் பெயரும் கிடைத்தன.

இன்றைய இரண்டாம் வாசகம் அதிலிருந்து தொடர்கிறது. பழைய மனிதரைக் களைந்துவிட்டுப் புதியவரை அணிந்துகொண்டவர்களிடையே கிரேக்கர் என்றும் யூதர் என்றும் வேறுபாடில்லை, அடிமை என்றும் உரிமைக்குடிமகன் என்றும் வேறுபாடில்லை, கிறிஸ்துவே எல்லாம், எல்லாரிலும் அவரே என்கிறார் பவுல். பட்டியல் எழுதுகிறவர் மனிதரைப் பிரிக்கப் பயன்படுத்தும் தலைப்புகள் அனைத்தையும் அவர் ஒவ்வொன்றாக அடித்துவிடுகிறார். பேராசையைச் சிலைவழிபாடு என்று அவர் கண்டிப்பதும் இதே பகுதியில்தான். மனிதரைப் பிரிக்கும் பட்டியலும் களஞ்சியத்தைப் பெருக்கும் பேராசையும் ஒன்றோடொன்று கைகோத்து நடப்பவை என்பது அவருக்குத் தெரியும்.

இங்கிலாந்தில் 1538இல் ஒவ்வொரு பங்கிலும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் எழுத வேண்டும் என்று அரசு ஆணை வந்தது. கத்தோலிக்கத் திரு அவையில் 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குப் பதிவேடுகளை எங்கும் கடமையாக்கியது. நம் பங்கு அலுவலகத்தில் இருக்கும் திருமுழுக்குப் பதிவேடு அந்த மரபில் வந்தது. அதைத் திறந்து பாருங்கள். குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள், குருவின் கையொப்பம் எல்லாம் இருக்கும். இந்தக் குழந்தை எவ்வளவு கொடுத்தது, எவ்வளவு பாக்கி என்று ஒரு கட்டம் அதில் இல்லை. பெற்றுக்கொண்டதை மட்டுமே பதிந்த ஏடு அது.

நம் மண்ணிலும் திருமுழுக்கின் வழியாகவே நமக்குப் பெயர்கள் வந்தன. 1536-37இல் முத்துக்குளித்துறையில் பரதவர் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றபின், பெர்னாந்து, ரொட்ரிகோ, மச்சாது முதலிய போர்த்துகீசியக் குடும்பப் பெயர்கள் கடலோரத்தில் வேரூன்றின. உள்நாட்டில் நம் முன்னோர் புனிதர்களைத் தமிழிலேயே அழைத்தார்கள்: அருளப்பன், இராயப்பன், சின்னப்பன், சூசை, சவரிமுத்து. ஆங்கிலேய உழவர்களில் பலருக்குக் கிடைத்த ஜான் என்ற அதே பெயரைத்தான் நம் தாத்தாமார் அருளப்பன் என்று பெற்றார்கள். கடல் கடந்தும் நூற்றாண்டுகள் கடந்தும் ஏழைகள் ஒரே புனிதரின் பெயரைச் சுமந்திருக்கிறார்கள்.

ஆனாலும் பழைய பட்டியல் நம்மிடையே தலைதூக்கிக்கொண்டே இருக்கிறது. வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்தில் ஒரே பீடத்தின் முன் சாதி சாதியாக மக்களைப் பிரித்து வைத்த தடுப்பு 1910இல் இடிக்கப்பட்டது. சுவர் போய் நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. கல்லறைத் தோட்டத்திலும் தேர் வரும் தெருவிலும் திருமணப் பேச்சிலும் அந்தச் சுவரை மீண்டும் எழுப்புகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருந்தால், அவர்கள் தங்கள் திருமுழுக்குப் பெயரை மறந்தவர்கள். பவுல் அடித்துவிட்ட பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நற்கருணை வாங்க வரிசையில் நிற்க முடியாது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலில், ஆலயத்தைப் பொறுப்பேற்று நடத்தும் குருக்களுக்கும் பங்குப்பேரவைக்கும் இது உரியது. ஆலயத்துக்கு வரி உண்டு, சந்தா உண்டு, திருவிழாவுக்குத் தலைக்கட்டுக் கணக்கு உண்டு. கட்டடம் நிற்கவும் பணி நடக்கவும் அவை தேவைதான். ஆனால் பிள்ளைக்குத் திருமுழுக்குக் கேட்டோ, தாயை அடக்கம் செய்ய இடம் கேட்டோ ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது முதலில் புரட்டப்படுவது பாக்கி நோட்டாக இருந்தால், நாம் கடன் ஏட்டைச் சிலுவையிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம் என்று பொருள். வருகிறவரை முதலில் பெயர் சொல்லி அழைப்போம். அவருடைய துயரத்தைக் கேட்போம். கணக்கு பின்னால் வரட்டும். வர முடியாதவருக்கு வராமலே போகட்டும். பங்கின் வரவுசெலவில் ஏழைகளுக்கான பங்கு எல்லாச் செலவும் போக மிஞ்சியதாக இல்லாமல், தொடக்கத்திலேயே ஒதுக்கியதாக இருக்கட்டும். 1014இல் ஓர் அரசரின் சட்டம் மூன்றிலொரு பங்கு என்று சொன்னது. நாம் எவ்வளவு என்று சொல்லப்போகிறோம்?

அடுத்து, நம் ஒவ்வொருவருக்கும். இன்று திரு அவைச் சட்டம் பத்திலொரு பங்கு என்று அளவு குறிக்கவில்லை. திரு அவையின் தேவைகளுக்கு உதவவும், சமூக நீதியை வளர்க்கவும், தம் வருவாயிலிருந்து ஏழைகளுக்குத் துணை நிற்கவும் நம்பிக்கையாளர் கடமைப்பட்டவர் என்று மட்டும் சொல்கிறது. அளவு நம் மனச்சான்றிடம் விடப்பட்டிருக்கிறது. அதனால் கடமை குறைந்துவிடவில்லை. புதினாவிலும் சீரகத்திலும் பத்திலொரு பங்கை எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்ட பரிசேயரை ஆண்டவர் கண்டித்தார். எண்ணிக் கொடுத்ததால் கடமை முடிந்தது என்று எண்ணாதிருப்போம். எண்ணவே தேவையில்லை என்று சொல்லிக் கொடுக்காமலும் இராதிருப்போம். சம்பளம் வந்த அன்றே, நெல் விற்ற அன்றே, மீன் ஏலம் போன அன்றே, வீட்டுச் செலவுக்கு முன் ஒரு பங்கை எடுத்துவையுங்கள். குடும்பமாக உட்கார்ந்து அளவைத் தீர்மானியுங்கள். பிள்ளைகளையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பங்கை யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருடைய பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். பணத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு முகம் பாராமல் போவது எளிது. வாசலில் கிடந்த லாசரை நாள்தோறும் தாண்டிப்போன செல்வர் அவனை உதைத்தார் என்றோ திட்டினார் என்றோ நற்செய்தியில் இல்லை. தாண்டிப்போனார், அவ்வளவுதான். உங்கள் தெருவைக் கூட்டும் அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? உங்கள் வீடு கட்டும் இடத்தில் மண் சுமக்கும் வடநாட்டு இளைஞரின் பெயர் தெரியுமா? அவருடைய ஊர், பெற்றோர், திரும்பிப் போகும் நாள் தெரியுமா? இணைச்சட்ட நூல் சொல்லும் அந்நியர் அவர்தான். கடவுள் அவருக்காகவே களஞ்சியத்தைக் கேட்டார்.

கொடுக்கும்போது நம் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விளக்கிலும் விசிறியிலும் நாற்காலியிலும் கொடுத்தவர் பெயர் எழுதும் வழக்கம் நம் ஆலயங்களில் உண்டு. நன்றியோடு எழுதினால் குற்றமில்லை. பெயர் எழுதுவார்கள் என்பதற்காகவே கொடுத்தால், அந்தக் கல்லோடு கைம்மாறு முடிந்துவிட்டது. இங்கிலாந்துக் களஞ்சியங்கள் எழுநூறு ஆண்டுகளாக நிற்கின்றன. அவற்றை நிரப்பிய உழவர்களின் பெயர்கள் சுவரில் எங்கும் இல்லை. பத்தாவது கட்டைத் தோளில் சுமந்து வந்த ஒவ்வொருவரையும் கடவுள் அறிவார். நம்மையே தம் உள்ளங்கையில் பொறித்தவர் என்று எசாயா அவரைப் பற்றிச் சொல்கிறார்.

நான்காம் நூற்றாண்டில், செசரியா நகரில் பஞ்சம் வாட்டிய காலத்தில், பின்னாளில் அந்நகரின் ஆயரான புனித பேசில் இதே களஞ்சிய உவமையை விளக்கி மறையுரை ஆற்றினார். களஞ்சியம் வேண்டுமா, ஏழைகளின் வீடுகளில் உனக்குக் களஞ்சியம் இருக்கிறது என்பதே அவர் செல்வர்களுக்குச் சொன்னதன் சாரம். சொல்லோடு அவர் நிற்கவில்லை. நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் ஏழைகளுக்கும் இல்லங்கள் கட்டினார். திரு அவை கட்டிய களஞ்சியங்களில் இன்றுவரை குறைபடாதது அந்த வகைக் களஞ்சியம்தான். நம் நாட்டில் ஆதரவற்ற முதியோரையும் தொழுநோயாளரையும் அநாதைக் குழந்தைகளையும் பெயர் சொல்லி அழைத்துப் பேணும் அருள்சகோதரிகளின் இல்லங்கள் எல்லாம் அதன் கிளைகளே. உங்கள் ஊரிலும் அப்படி ஓர் இல்லம் இருக்கும். இந்த வாரம் குடும்பத்தோடு போய்ப் பாருங்கள்.

சபை உரையாளர் இன்று முதல் வாசகத்தில் வேதனையோடு சொன்னார்: ஒருவர் ஞானத்தோடும் திறமையோடும் உழைத்துச் சேர்த்ததை, அதற்காக உழைக்காத ஒருவரிடம் விட்டுச் செல்ல வேண்டியிருக்கிறது. உவமையின் செல்வருக்கும் கடவுள் அதே கேள்வியைத்தான் வைத்தார். நீ சேர்த்தவை யாருக்குப் போகும்? அந்தக் கேள்விக்கு நம்மால் இன்றே பதில் சொல்ல முடியும். உயிரோடு இருக்கும்போதே, விரும்பியே, யாருக்கு என்று நாம் முடிவு செய்யலாம். அப்படி முடிவு செய்தவர்களுக்குச் சபை உரையாளரின் வேதனை இல்லை. அவர்கள் விட்டுச் செல்வதில்லை; கொடுத்துச் செல்கிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் திருமுழுக்குச் சான்றிதழைத் தேடி எடுங்கள். நாளைப் பாருங்கள், ஞானப்பெற்றோர் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், உயிரோடு இருந்தால் அவர்களைப் போய்ப் பாருங்கள். நமக்குப் பெயர் தந்த திரு அவையின் களஞ்சியம் பசித்தவருக்காகத் திறந்தே இருக்கும்படி நம் பங்கை முதல் பங்காகக் கொடுப்போம். ஒருவர்கூட வெறும் வரியாகவும் பாக்கியாகவும் எண்ணப்படாத பங்காக நம் பங்கை ஆக்குவோம். நம்மைப் பெயர் சொல்லி அழைத்த இறைவன் அதற்கான மனத்தையும் துணிவையும் நமக்குத் தருவாராக.

ஆமென்.